டெலிட் அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாஸ்!

"மச்சி, ஓஎஸ் போடணும்டா. பென்டிரைவ் இருக்கா?"

ஹாஸ்டல்களில் அதிகம் கேட்கப்படும் கேள்விகளில் 'சாப்ட்டியா?'வுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மன்னார்புரம், காஜாமலை, டி.வி.எஸ். டோல்கேட் என்று திருச்சியில் மாணவர்கள் ரூம் எடுத்துத் தங்கும் எந்த ஏரியாவிலும், மாடிக்கு ஒரு 'ஓஎஸ் ஸ்பெஷலிஸ்ட்' கட்டாயம் இருப்பார். படிப்பது பி.காம். ஆகக்கூட இருக்கும். ஆனால் பென்டிரைவைச் செருகினார் என்றால் முக்கால் மணி நேரத்தில் விண்டோஸ் ரெடி. ஃபீஸ்... ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி!

எல்லாம் நல்லபடியாகத்தான் போகும், அந்த ஒரு ஸ்க்ரீன் வரும்வரை. 'எங்கே இன்ஸ்டால் செய்ய வேண்டும்?' என்று கேட்டு, 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2, பார்ட்டிஷன் 3' என்று ஒரு பட்டியல் நிற்கும். பழகிய சி டிரைவும் அதில் இல்லை, டி டிரைவும் இல்லை. ஏதோ ஒன்றைத் தொட்டு நெக்ஸ்ட் கொடுத்தால், 'இந்த டிஸ்க்கில் விண்டோஸை நிறுவ முடியாது' என்று மூஞ்சியில் அடித்த மாதிரி ஒரு பதில் வரும். பக்கத்திலேயே டெலிட் பட்டன் 'வா ராசா வா' என்று கூப்பிடும்.

நம்ம ஸ்பெஷலிஸ்ட்டும் பொறுமை போய் எல்லாவற்றையும் டெலிட் அடிப்பார். அப்புறம் விண்டோஸ் ஜம்மென்று ஏறிவிடும். மறுநாள் காலையில்தான் இடி இறங்கும். டி டிரைவில் இருந்த ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், பிளேஸ்மென்ட்டுக்கு ரெடி பண்ணிய ரெஸ்யூம், அக்கா கல்யாண போட்டோ... எல்லாம் காலி!

அந்த ஸ்க்ரீனில் வரும் பிரச்னைகளில் பெரும்பாலானவற்றுக்கு டெலிட் தேவையே இல்லை என்பதுதான் இதில் சோகம். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். தெரிந்துகொள்ளலாமா?

ஏன் இப்போ இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை என்றார்கள். விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அது கேட்கும் சீர்வரிசை கொஞ்சநஞ்சமில்லை. டி.பி.எம். 2.0 என்ற செக்யூரிட்டி சிப் வேண்டும், யு.இ.எஃப்.ஐ. வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறை பிராசசராவது வேண்டும். அண்ணன் படித்து முடித்து தம்பிக்குக் கொடுத்த பழைய லேப்டாப் இதில் பாஸ் ஆவது கஷ்டம்.

அதனால் ஒரு கூட்டம் விண்டோஸ் 11-ஐ ஏற்றப் போராடுகிறது. இன்னொரு கூட்டம், 'விண்டோஸ் பக்கத்துலயே லினக்ஸையும் போட்டுக்கலாம்டா' என்று கிளம்புகிறது. ரெண்டு கூட்டமும் வந்து முட்டி நிற்கிற இடம் ஒன்றுதான். பார்ட்டிஷன்!

நிலம் வேற... பட்டா வேற!

ஹார்டு டிஸ்க்கோ எஸ்.எஸ்.டி.யோ, அதை ஒரு பெரிய நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷன் என்பது அதில் கல் நட்டுப் பிரித்த மனைகள். 'இந்த மனை இங்கே ஆரம்பித்து இங்கே முடிகிறது' என்று எழுதிவைத்திருக்கும் சின்னக் குறிப்புதான் பார்ட்டிஷன் டேபிள். அதுதான் டிஸ்க்கின் பட்டா.

இன்ஸ்டால் செய்யும்போது வரும் தகராறுகளில் முக்கால்வாசி பட்டாவில் வருகிற தகராறு. நிலத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால், இது தெரியாமல் 'ஹார்டு டிஸ்க் அவுட்டு தம்பி, புதுசு மாத்தணும்' என்று யாராவது சொன்னால், நாமும் தலையாட்டிவிட்டு ஊருக்கு போன் போட்டு அப்பாவிடம் பணம் கேட்கிறோம்.

நிலமே கெட்டுப்போவதும் உண்டு. ஹார்டு டிஸ்க்கில் 'டக்... டக்...' என்று சத்தம் வந்தாலோ, ஒரு ஃபைலைத் திறக்கவே நிமிஷக்கணக்கில் திணறினாலோ சந்தேகப்படலாம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' என்ற வசதி இருக்கிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச சாஃப்ட்வேர் அதைப் படித்து, நலமா, நோயா என்று சொல்லிவிடும். அது 'குட்' என்று சொன்னால் பிரச்னை பெரும்பாலும் பட்டாவில்தான். 'காஷன்', 'பேட்' என்று சொன்னால் ஓஎஸ் போடுகிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, முதலில் ஃபைல்களைக் காப்பி எடுங்கள்.

நாலு ரோட்டில் அஞ்சாவது ரோடு!

இந்தப் பட்டாவில் ரெண்டு வகை. பழையது எம்.பி.ஆர்., புதியது ஜி.பி.டி.

எம்.பி.ஆர். பார்ட்டிஷன் முறை 1983-ல் வந்தது. அந்த வருடம் வந்த ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி.யில் ஹார்டு டிஸ்க்கின் அளவு எவ்வளவு தெரியுமா? 10 எம்.பி.! இன்றைக்கு ரெண்டு எம்.பி.3 பாட்டு போட்டால் ஃபுல். அவ்வளவு குட்டி டிஸ்க்கை எத்தனை துண்டு போட்டுவிடப் போகிறார்கள்? டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் பார்ட்டிஷன் விவரத்துக்கு 64 பைட் ஒதுக்கினார்கள். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட். ஆக மொத்தம் நாலே நாலு பார்ட்டிஷன்.

மன்னார்புரம் நாலு ரோட்டில் நின்று பாருங்கள். நாலு பக்கம் போகலாம். 'அஞ்சாவதா எனக்கு ஒரு ரோடு வேணும்' என்றால் டிராஃபிக் போலீஸ் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். எம்.பி.ஆரும் அப்படித்தான். வேண்டுமானால் நாலில் ஒரு ரோட்டை மட்டும் 'எக்ஸ்டெண்டட்' என்று மாற்றி, அதற்குள் சந்து சந்தாகப் பிரித்துக்கொள்ளலாம். அந்தச் சந்துகளுக்கு லாஜிக்கல் பார்ட்டிஷன் என்று பெயர்.

விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்கள் சிலவற்றில் கம்பெனிக்காரர்களே நாலு ரோட்டையும் நிரப்பித் தந்துவிடுவார்கள். சிஸ்டம் ஒன்று, சி டிரைவ் ஒன்று, ரெக்கவரி ஒன்று, அவர்களுடைய டூல்ஸ் ஒன்று. அதில் லினக்ஸ் போட ஆசைப்பட்டு சி டிரைவில் 50 ஜி.பி. காலி பண்ணுவார்கள் நம்ம ஆட்கள். இடம் இருக்கும். ஆனால் இன்ஸ்டாலர் 'இந்த இடத்தை உபயோகிக்க முடியாது' என்று சொல்லும். இடம் இருந்தும் ஏன் முடியாது? பட்டாவில் அஞ்சாவது வரி எழுத இடம் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு குழியும் இருக்கிறது. அஞ்சாவது பார்ட்டிஷன் கேட்டால் விண்டோஸ் நல்லபிள்ளை மாதிரி, 'டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா?' என்று கேட்கும். யெஸ் கொடுத்துவிடாதீர்கள். லினக்ஸ் இன்ஸ்டாலர்கள் அந்த டைனமிக் டிஸ்க்கைப் பார்த்து முழிக்கும். மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர விண்டோஸ் சொல்லும் வழியோ, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆரம்பிப்பது! ரெக்கவரி, டூல்ஸ் இரண்டில் ஒன்றை வெளியே காப்பி எடுத்துக்கொண்டு அந்த ரோட்டைக் காலி செய்வதுதான் நிதானமான வழி.

எம்.பி.ஆருக்கு இன்னொரு குறையும் உண்டு. சுமார் 2.2 டி.பி.க்கு மேல் அதற்குக் கணக்கு வராது. ஜி.பி.டி.யில் இந்த ரெண்டு தலைவலியும் இல்லை. வழக்கமாக 128 பார்ட்டிஷன் வரை எழுத இடம் இருக்கிறது. பட்டாவின் இன்னொரு பிரதியை டிஸ்க்கின் கடைசியில் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் செய்கிறது. புத்திசாலிப் பிள்ளை!

மாமியார் - மருமகள் சண்டை

இப்போது அந்தப் பிரபலமான எர்ரருக்கு வருவோம். 'இந்த டிஸ்க்கில் விண்டோஸை நிறுவ முடியாது' என்பதோடு பலரும் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குக் கீழேயே காரணமும் எழுதியிருக்கும். 'டிஸ்க் எம்.பி.ஆர். முறையில் இருக்கிறது, ஆனால் இ.எஃப்.ஐ. கம்ப்யூட்டரில் ஜி.பி.டி. டிஸ்க்கில்தான் நிறுவ முடியும்' என்று இருக்கும். இல்லை, நேர்மாறாக, 'டிஸ்க் ஜி.பி.டி. முறையில் இருக்கிறது' என்று இருக்கும்.

விஷயம் ரொம்ப சிம்பிள். கம்ப்யூட்டர் விழிப்பதில் ரெண்டு விதம். பழைய பயாஸ் வழி, புதிய யு.இ.எஃப்.ஐ. வழி. விண்டோஸைப் பொறுத்தவரை பயாஸ் வழி வந்தால் எம்.பி.ஆர். டிஸ்க் வேண்டும், யு.இ.எஃப்.ஐ. வழி வந்தால் ஜி.பி.டி. டிஸ்க் வேண்டும். ஜோடி மாறினால் சண்டை.

பாதி கேஸில் ஜோடியை மாற்றியது நாமேதான். பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் என்று லேப்டாப்புக்கு லேப்டாப் கீ மாறும். அங்கே ஒரே பென்டிரைவ் ரெண்டு தடவை தெரியலாம். ஒன்றுக்கு முன்னால் 'யு.இ.எஃப்.ஐ.' என்று இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. டிஸ்க் ஜி.பி.டி. என்றால் முதலாவதைத் தேர்ந்தெடுங்கள், எம்.பி.ஆர். என்றால் ரெண்டாவதை. பல சமயம் எர்ரர் அதோடு மாயம். ஒரு ஃபைல்கூட அழியவில்லை பாருங்கள்! பென்டிரைவ் ஒரே பெயரில்தான் தெரிகிறது என்றால், ரூஃபஸ் மாதிரி சாஃப்ட்வேரில் அதைத் தயார் செய்தபோது எம்.பி.ஆரா, ஜி.பி.டி.யா என்று கேட்ட இடத்தில் எதைக் கொடுத்தீர்கள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

'இல்ல பாஸ், எனக்கு விண்டோஸ் 11-தான் வேணும். டிஸ்க் எம்.பி.ஆர்.ல இருக்கு' என்கிறீர்களா? டேட்டா போகாமலே மாற்ற ஒரு வழி உண்டு. 2017-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1703 வெர்ஷனிலிருந்து 'எம்.பி.ஆர்.2ஜி.பி.டி.' என்ற கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓட்ட வேண்டும். 'வேலிடேட்' என்று கொடுத்தால் எதையும் தொடாமல், மாற்ற முடியுமா என்று மட்டும் முதலில் சோதித்துச் சொல்லும். மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருக்கக் கூடாது என்பது அதன் கண்டிஷன்கள். மாற்றி முடித்ததும் பயாஸ் செட்டிங்கில் போய் யு.இ.எஃப்.ஐ.க்கு மாற்ற மறந்துவிடாதீர்கள். மறந்தால் விண்டோஸ் எழுந்திருக்காது.

டிஸ்க்கையே காணோம்!

அடுத்த ரகம் இன்னும் பயமுறுத்தும். இன்ஸ்டாலர் திறக்கும், பட்டியல் காலியாக இருக்கும். 'ஐயோ, எஸ்.எஸ்.டி. செத்துப்போச்சா?' என்று வயிற்றைக் கலக்கும்.

சாகவில்லை. இன்ஸ்டாலருக்குக் கண் தெரியவில்லை. இன்டெல் 11-வது தலைமுறையிலிருந்து வந்த பல லேப்டாப்களில் டிஸ்க்குக்கு முன்னால் வி.எம்.டி. என்ற வாட்ச்மேன் நிற்கிறார். அவருடைய பாஷை விண்டோஸ் இன்ஸ்டாலருக்குத் தெரிவதில்லை. லேப்டாப் கம்பெனியின் வெப்சைட்டில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ஆர்.எஸ்.டி. டிரைவரை டவுன்லோடு செய்து, ஃபைல்களைப் பிரித்து பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஸ்டாலரில் 'லோடு டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் பளிச்சென்று தெரியும்.

சீனியர்களைக் கேளுங்கள், இந்தக் கதை அவர்களுக்கும் தெரியும். புதிதாக சாட்டா ஹார்டு டிஸ்க்குகள் வந்தபோது விண்டோஸ் எக்ஸ்.பி. சி.டி.க்கு அவை கண்ணுக்குத் தெரியாது. ஆரம்பத்திலேயே எஃப் 6 அமுக்கி, டிரைவரை ஃபிளாப்பியில் கொடுக்க வேண்டும். ஃபிளாப்பி டிரைவே இல்லாத கம்ப்யூட்டரில் ஃபிளாப்பிக்கு எங்கே போவது? பயாஸில் போய் ஐ.டி.இ. மோடுக்கு மாற்றித் தப்பிப்பார்கள்.

லினக்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உபுண்டு போன்றவை சில லேப்டாப்களில் 'ஆர்.எஸ்.டி.யை அணையுங்கள்' என்று சொல்லி நின்றுவிடும். பயாஸில் போய் ஏ.ஹெச்.சி.ஐ. மோடுக்கு மாற்றச் சொல்வார்கள். சட்டென்று மாற்றினால் விண்டோஸ் நீலத் திரை காட்டும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி செட் செய்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒரு தடவை எழுப்பிவிட்டு, அப்புறம் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

48 நம்பர் பூட்டு

புது லேப்டாப்பா? மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்து வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பிட்லாக்கர் வகைப் பூட்டு இது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 வெர்ஷனைப் புதிதாக நிறுவினால் இது பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது.

திருடன் எடுத்துக்கொண்டு போனால் நமக்கு நல்லது. ஆனால் பயாஸில் செட்டிங் மாற்றிவிட்டு ஆன் செய்தால், 'நீ யாரு?' என்று 48 இலக்க நம்பரைக் கேட்டு நிற்கும். அந்த நம்பர் இல்லை என்றால் உள்ளே இருக்கும் ஃபைல்களை யாராலும், ஆமாம், எந்தக் கடைக்காரராலும், மீட்க முடியாது. எனவே பயாஸ் பக்கம் கை வைப்பதற்கு முன், உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் ரெக்கவரி கீ இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டை எங்கே வைத்தோம் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

'பாஸ்' இருக்கும் லேப்டாப்

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அரசு கொடுத்த லேப்டாப்தான். 2011 செப்டம்பர் 15-ம் தேதி அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம். எல்காட் மூலம் வாங்கி, ப்ளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் கொடுத்தார்கள். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம்தான் பாஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து நம்ம சி-டாக் நிறுவனம் உருவாக்கியது.

லேப்டாப்பை ஆன் செய்தால் 'எந்த ஓஎஸ் வேண்டும்?' என்று கேட்கும். பலர் விண்டோஸ் பக்கமே போனார்கள். 'சும்மா கிடக்குற லினக்ஸ் எதுக்கு? அந்த இடத்தை நாம எடுத்துப்போம்' என்று ஒருநாள் விண்டோஸுக்குள்ளிருந்தே லினக்ஸ் பார்ட்டிஷனை டெலிட் அடித்தால் என்ன ஆகும்? அடுத்த தடவை ஆன் செய்யும்போது கறுப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற ரெண்டே வார்த்தைதான் நிற்கும். விண்டோஸும் வராது, லினக்ஸும் வராது!

ஏன்? 'எந்த ஓஎஸ்?' என்று வாசலில் நின்று கேட்டவர் பெயர் க்ரப். அவர் நிற்பது வாசலில் என்றாலும், அவருடைய சாமான் செட்டெல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷனில் இருந்தது. அதை நாம் காலி செய்துவிட்டோம். விண்டோஸ் அப்படியேதான் இருக்கிறது, அங்கே போக வழி சொல்ல ஆள் இல்லை. பழைய எம்.பி.ஆர். லேப்டாப் என்றால் விண்டோஸ் இன்ஸ்டால் டிஸ்க்கில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, 'பூட்ரெக்' கட்டளையை 'ஃபிக்ஸ் எம்.பி.ஆர்.' என்ற சொல்லோடு கொடுத்தால் வாசலில் மறுபடியும் விண்டோஸே நிற்கும். புது யு.இ.எஃப்.ஐ. லேப்டாப் என்றால் பூட் மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று தனியாகவே இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இந்த ரெண்டு நிமிஷ வேலை தெரியாமல் முழு டிஸ்க்கையும் ஃபார்மேட் அடிப்பார்கள்.

இந்தக் கதை பழசாகிவிடவில்லை. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருடத்தில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று தமிழக அரசு அறிவித்தது. புது லேப்டாப் கைக்கு வந்ததும் ஓஎஸ் மாற்றிப் பார்க்க கை பரபரக்கும். வீட்டுக்கே ஒரு லேப்டாப் என்கிற இடத்தில் அந்தப் பரபரப்பின் விலை கொஞ்சம் அதிகம்.

'எரேஸ்'னா எல்லாம்தான்!

லினக்ஸ் இன்ஸ்டாலரில் மூன்று வழி காட்டும். விண்டோஸ் பக்கத்திலேயே நிறுவுவது, டிஸ்க்கை எரேஸ் செய்து நிறுவுவது, நாமே பார்ட்டிஷன் பிரிப்பது. 'எரேஸ்' என்றால் சி டிரைவ் மட்டும்தான் போகும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை மக்களே! மொத்த டிஸ்க்கும், சி, டி, ரெக்கவரி எல்லாமும் போகும்.

பக்கத்திலேயே போடுவதுதான் உங்கள் ஐடியா என்றால், இடத்தை விண்டோஸுக்குள்ளிருந்தே, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ஷ்ரிங்க்' கொடுத்துக் காலி செய்யுங்கள். காலேஜ் உபயோகத்துக்கு லினக்ஸுக்கு 40, 50 ஜி.பி. தாராளம். 'டிஸ்க்ல 100 ஜி.பி. காலி இருக்கு, ஆனா 5 ஜி.பி.க்கு மேல ஷ்ரிங்க் ஆக மாட்டேங்குது' என்பது பழைய புகார். நகர்த்த முடியாத சில ஃபைல்கள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதுதான் காரணம். ஹைபர்னேஷனையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் தற்காலிகமாக அணைத்துவிட்டு மறுபடி முயன்றால் பெரும்பாலும் வழிவிடும். அப்படியே 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பையும் அணைத்துவிடுங்கள். அது ஆன் ஆக இருந்தால் விண்டோஸ் முழுசாகத் தூங்குவதில்லை, அதன் டிரைவில் லினக்ஸால் எழுத முடியாமல் போகும்.

பட்டியலில் 100 எம்.பி., 16 எம்.பி. என்று குட்டி குட்டியாகத் தெரிவதைப் பார்த்து, 'இது எதுக்கு குப்பை மாதிரி?' என்று துடைக்காதீர்கள். அந்த 100 எம்.பி.தான் பெரும்பாலும் இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன். விண்டோஸும் லினக்ஸும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அது போனால் ரெண்டும் ஸ்டார்ட் ஆகாது.

டி டிரைவ் பேக்கப் இல்லை!

'எல்லாத்தையும் டி-ல போட்டு வச்சிருக்கேன் பாஸ், ஸோ சேஃப்!'

இப்படிச் சொல்லாத ஸ்டூடன்ட் உண்டா? முக்கொம்பில் காவிரி ரெண்டாகப் பிரிகிறது. ஒன்று காவிரி, இன்னொன்று கொள்ளிடம். நடுவில் ஸ்ரீரங்கம். பெயர் ரெண்டு என்றாலும் வருகிற தண்ணீர் ஒன்றுதான். மேட்டூரில் தண்ணீர் இல்லை என்றால் ரெண்டு ஆறும் சேர்ந்தேதான் காயும். உங்கள் சி டிரைவும் டி டிரைவும் அப்படித்தான். லேப்டாப்பில் ஒரே டிஸ்க் இருந்தால் ரெண்டும் அதன் மேல் போட்ட கோடுகள். விண்டோஸ் கெட்டுப்போனால் டி தப்பிக்கும், உண்மை. ஆனால் டிஸ்க் கெட்டாலோ, பட்டா அழிந்தாலோ, லேப்டாப் திருடு போனாலோ ரெண்டும் சேர்ந்தே போகும்.

பேக்கப் என்றால் அது வேறொரு பொருளில் இருக்க வேண்டும். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், ரூம்மேட்டின் லேப்டாப், கிளவுட்... எதுவாக இருந்தாலும் சரி. காசு இல்லையா? ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையும் கோடையும் உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். செலவு பூஜ்யம்!

போச்சே... இப்ப என்ன செய்றது?

தப்பாக டெலிட் ஆகிவிட்டதா? முதல் வேலை, எந்த வேலையும் செய்யாமல் இருப்பது. பார்ட்டிஷனை டெலிட் செய்யும்போது அழிவது பட்டாவில் உள்ள வரிதான். அதன்மேல் புதிதாக எதையும் எழுதாதவரை ஹார்டு டிஸ்க்கில் வீடு அப்படியே இருக்கும். மேலே புது விண்டோஸை ஏற்றினால் வீட்டை இடித்துவிட்டுக் கட்டுகிற மாதிரி.

உபுண்டு பென்டிரைவில் பூட் செய்து, இன்ஸ்டால் கொடுக்காமல் 'ட்ரை' கொடுத்து உள்ளே போங்கள். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச சாஃப்ட்வேரை ஓட்டுங்கள். அது டிஸ்க்கைத் துழாவி பழைய எல்லைக் கற்களைக் கண்டுபிடித்துச் சொல்லும். கண்டுபிடித்த பார்ட்டிஷனில் 'பி' கீ அமுக்கினால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் தெரியும். முதலில் அவற்றை வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துவிட்டு, அப்புறம் பட்டாவைத் திருத்துங்கள்.

எஸ்.எஸ்.டி.யில் மட்டும் இந்த நம்பிக்கை குறைவு. 'ட்ரிம்' என்ற வசதி, காலி என்று அறிவித்த இடத்தை எஸ்.எஸ்.டி. தானே சுத்தமாகத் துடைத்துவிட வழி செய்கிறது. ஃபார்மேட் ஆன எஸ்.எஸ்.டி.யிலிருந்து ஃபைல் மீட்பது அதிர்ஷ்டம் இருந்தால்தான். புது லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி.தான் என்பதால், 'போனா ரெக்கவரி போட்டுக்கலாம்' என்ற பழைய தைரியத்தை மூட்டை கட்டிவிடுங்கள்.

ஸ்பெஷலிஸ்ட்டுக்கு ஒரு செக்லிஸ்ட்!

* இன்ஸ்டால் செய்வதற்கு முன், டிஸ்க் மேனேஜ்மென்ட் ஸ்க்ரீனை செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள். எந்த பார்ட்டிஷன் எத்தனை ஜி.பி. என்று அதில் தெரியும். இன்ஸ்டாலரில் சி, டி என்ற பெயர் தெரியாது. அளவுதான் அடையாளம்.

* '500 ஜி.பி. வாங்கினேன், 465 தான் காட்டுது' என்று பதறாதீர்கள். கம்பெனி ஆயிரத்தால் வகுக்கிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. அதேபோல் 256 என்பது 238 என்றும், ஒரு டி.பி. என்பது 931 என்றும் தெரியும்.

* எர்ரர் வந்தால் முழுசாகப் படியுங்கள். புரியாவிட்டால் போட்டோ எடுத்துப் புரிந்தவரிடம் காட்டுங்கள். காரணம் அதில்தான் இருக்கும்.

* டிஸ்க்பார்ட்டில் 'க்ளீன்' கொடுப்பதற்கு முன் 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து, எது டிஸ்க், எது பென்டிரைவ் என்று அளவை வைத்து உறுதி செய்யுங்கள். அந்தக் கட்டளை 'நிஜமாகவா?' என்று திருப்பிக் கேட்காது.

* ரெண்டு ஓஎஸ் வேண்டுமென்றால் முதலில் விண்டோஸ், அடுத்து லினக்ஸ். விண்டோஸ் பின்னால் வந்தால் தன்னையே முதலில் நிறுத்திக்கொள்ளும், லினக்ஸுக்கு வழிவிடாது.

* சார்ஜரைச் செருகிவிட்டு ஆரம்பியுங்கள். பார்ட்டிஷன் அளவு மாறிக்கொண்டிருக்கும்போது பேட்டரி காலியானால் கதை கந்தல்.

* அடுத்தவர் லேப்டாப்பைத் தொடுவதற்கு முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'இதுல இருக்குறதெல்லாம் வேற எங்கயாவது காப்பி இருக்கா?' பதில் 'இல்லை' என்றால், பஜ்ஜியை முதலில் சாப்பிடுங்கள். காப்பி எடுத்து முடித்த பிறகு பென்டிரைவைச் செருகலாம்!